வீடியோவில் தமிழ் எழுத்து எங்கே மங்குகிறது, எப்படிச் சரிசெய்வது

கேள்வி: "கல்யாண வீடியோ ஒன்றை பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்கிறேன். கேமரா 4கே, எடிட் செய்யும் சீக்வென்ஸ் 1080பி. மணமக்கள் பெயரைச் சிவப்பில் போட்டிருக்கிறேன், பெரியவர்கள் வாழ்த்திப் பேசும் இடங்களில் கீழே சப்டைட்டில். எடிட் செய்யும்போதே எழுத்து லேசாக மங்கலாக இருக்கிறது. யூடியூபில் ஏற்றிய பிறகு இன்னும் மோசம், சிவப்பு எழுத்து கரைந்து வழிகிறது. பிட்ரேட்டை 50 ஆக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. சில சொற்களில் கொம்பு இடம் மாறி விழுகிறது. என்ன செய்வது?"

பிட்ரேட்டை 50 ஆக்கியும் மாறவில்லை என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் எழுத்து எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே மங்கிவிட்டது. பிட்ரேட் என்பது ஒரு வினாடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு; அதைக் கூட்டினால் அந்த மங்கலைத்தான் சிந்தாமல் சிதறாமல் பதிவு செய்து தரும்.

எழுத்துருவுக்குள் ஒவ்வோர் எழுத்தும் கோடும் வளைவுமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பிசிறாது. சாஃப்ட்வேர் அதை ஒருமுறை பிக்சல்களாக மாற்றுகிறது. அந்த மாற்றம் கடைசி அளவிலேயே நடந்துவிட்டால் எழுத்து கூராக இருக்கும். சின்ன அளவில் பிக்சலாக மாறி, அப்புறம் அதைப் பெரிதாக்கினால் மங்கும். ஆகவே உங்கள் புராஜெக்டில் எழுத்து எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் செட்டிங்கை மாற்றி மாற்றி ரெண்டர் போட்டால் பொழுதுதான் போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். எழுத்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். படம் ஓடும் புரோகிராம் மானிட்டரில் "ஃபிட்" என்று இருப்பதை 100% ஆக்குங்கள். ரெசல்யூஷன் பாதியிலோ கால் பங்கிலோ இருந்தால் முழுமைக்கு மாற்றுங்கள். ஓடும்போது ஒன்று, நிறுத்தியபோது ஒன்று என்று இரண்டு தனி அமைப்பு உண்டு, இரண்டையும் பாருங்கள். "ஃபிட்"டில் இருக்கும்போது மானிட்டர் படத்தை அவசரமாகச் சுருக்கிக் காட்டும், எழுத்து ஓரம் பல் பல்லாகத் தெரியும். பல பேர் இதைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். அடுத்து, மானிட்டருக்குக் கீழே கேமரா படம் போட்ட பொத்தானை அழுத்தி அந்த ஒரு ஃபிரேமை பிஎன்ஜி படமாக எடுத்து, படம் பார்க்கும் செயலியில் முழு அளவில் பாருங்கள். அதில் எழுத்து மங்கலாக இருந்தால் கோளாறு டைம்லைனுக்குள் இருக்கிறது. அது சுத்தமாக இருந்து, எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மங்கலாக இருந்தால் எக்ஸ்போர்ட்டில். கோப்பும் சுத்தம், ஏற்றிய பிறகுதான் மங்கல் என்றால் அந்தத் தளம் மறுபடி சுருக்கியதில். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து இருக்கின்றன.

டைம்லைனுக்குள் கெடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் ஸ்கேல். டைட்டிலைச் சின்னதாக டைப் செய்துவிட்டு, எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் மோஷன் என்பதன் கீழுள்ள ஸ்கேலை 150, 200 என்று ஏற்றுவது. அந்த ஸ்கேல், ஏற்கெனவே பிக்சலாகிவிட்ட படத்தைத்தான் இழுக்கிறது. அதே இடத்தில் கிராஃபிக் கிளிப்புகளுக்கு மட்டும் வெக்டர் மோஷன் என்று இன்னொன்று இருக்கும். அதில் ஸ்கேலைக் கூட்டினால் எழுத்து புதிய அளவில் மறுபடி வரையப்படும், கூர்மை போகாது. மோஷனில் உள்ள எண்ணை 100க்குத் திருப்பிவிட்டு வெக்டர் மோஷனில் போட்டுப் பாருங்கள், அல்லது எழுத்தின் அளவையே பெரிதாக்குங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். அதன் டெக்ஸ்ட் பிளஸ் டைட்டிலில் எழுத்தின் சைஸைக் கூட்டுவது வேறு, டிரான்ஸ்ஃபார்மில் ஜூமைக் கூட்டுவது வேறு.

நெஸ்ட் செய்த, அதாவது இன்னொரு சீக்வென்ஸுக்குள் ஒரு கிளிப் மாதிரி வைத்த, சீக்வென்ஸ் இருந்தால் அதன் அளவையும் திறந்து பார்த்துவிடுங்கள். கைத்தறி பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு நான் டைட்டில் எல்லாவற்றையும் தனி சீக்வென்ஸில் போட்டு நெஸ்ட் செய்திருந்தேன். எல்லாம் மங்கல். எழுத்துருவை மாற்றினேன், ஷேடோவை எடுத்தேன், எக்ஸ்போர்ட் வடிவத்தை மாற்றினேன், ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. விடியற்காலையில்தான் நெஸ்டின் ஸ்கேல் 150 என்று இருந்தது கண்ணில் பட்டது. உள்ளே இருந்த சீக்வென்ஸ் 1280×720; அதை 1920க்கு நிரப்ப 150 தேவைப்பட்டிருக்கிறது. உள் சீக்வென்ஸை 1080க்கு மாற்றி, ஸ்கேலை 100 ஆக்கியதும் எல்லா எழுத்தும் ஒரே நொடியில் தெளிந்தது. அன்றிலிருந்து மங்கலான எழுத்தைப் பார்த்தால் முதலில் 100 அல்லாத எண் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் "யூஸ் ப்ரிவியூஸ்" டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். எடிட் செய்யும்போது வேகத்துக்காக உருவாக்கிய தரம் குறைந்த கோப்புகள் அப்படியே கடைசி வீடியோவுக்குள் போய்விட அது வழிவிடும். "மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி"யை ஆன் செய்யுங்கள், 4கே படத்தை 1080க்குச் சுருக்கும் உங்களுக்கு அது உதவும். எழுத்தின் மேல் ஷார்ப்பன் ஃபில்டர் மட்டும் போடவேண்டாம். ஓரத்தில் வெள்ளைக் கோடு கிளம்பும், தளத்தில் ஏற்றியதும் அதுவே முதலில் சிதறும்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கல்யாண வீடியோக்களில் எழுத்து கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வீடியோ ஒவ்வொரு பிக்சலையும் வெளிச்சம் தனியாக, நிறம் தனியாக என்று பிரித்து வைக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் இடத்தை மிச்சம் பிடிக்க நிறத்தைக் குறைத்துப் பதிகிறார்கள். யூடியூப், வாட்ஸ்அப் என்று நாம் பார்க்கும் வீடியோ கிட்டத்தட்ட எல்லாமே 4:2:0 முறைதான். இரண்டுக்கு இரண்டு, நான்கு பிக்சல்களுக்கு வெளிச்சம் நான்கு மதிப்பு, நிறத்துக்கு ஒரே ஒரு மதிப்பு. உங்கள் 1920×1080 வீடியோவில் வெளிச்சம் முழு அளவில் இருக்கிறது, நிறம் வெறும் 960×540 அளவில்தான் இருக்கிறது.

எச்டி வீடியோவின் கணக்குப்படி வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பின் பங்கு 21%, நீலத்தின் பங்கு 7%. சுத்தமான சிவப்பு எழுத்து, வெளிச்சத்தைப் பொறுத்தவரை இருட்டான எழுத்து. பின்னால் அரக்கு நிறப் பட்டுப்புடவையோ மேடையின் மெரூன் திரையோ இருந்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு அநேகமாக இல்லை. எழுத்தின் விளிம்பு முழுக்க நிற வேறுபாட்டை நம்பி நிற்கிறது. அந்த நிறமோ பாதி அளவில் பதிவாகிறது. கரைந்து வழிவது அதனால்தான். பிட்ரேட்டை நூறாக்கினாலும் இது தீராது.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்ததால் அதன் வெளிச்சம் சுமார் 93%. இருட்டான பின்னணியில் மஞ்சள் எழுத்து வெள்ளைக்கு அடுத்தபடி தெளிவாக நிற்பதற்குக் காரணம் இதுதான். சப்டைட்டிலுக்கு மஞ்சள் வெகுகாலமாகப் புழங்குவதிலும் ஆச்சரியமில்லை.

"வீட்டார் சிவப்புதான் மங்களகரம் என்கிறார்கள்" என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் நியாயம். அப்படியானால் சிவப்பைப் பலகையாக்குங்கள், எழுத்தை இளமஞ்சளாக்குங்கள். அகலமான சிவப்புப் பரப்புக்கு 4:2:0 ஒன்றும் செய்யாது, விளிம்பில்தான் அதன் சேதம். எழுத்தே சிவப்பாக இருக்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால் சுற்றிலும் இரண்டு மூன்று பிக்சலுக்கு இளமஞ்சள் கரை கட்டுங்கள். நான் செய்யும் ஒரு சோதனை: மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழுள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து எஃபெக்ட் போடும் வெற்று அடுக்கு) போட்டு அதில் பிளாக் அண்ட் வொயிட் எஃபெக்ட்டை வைப்பேன். கறுப்பு வெள்ளையில் பெயர் பளிச்சென்று படிக்க வந்தால் அது எங்கே போனாலும் பிழைக்கும். சாம்பலுக்குள் சாம்பலாக மறைந்தால் நிறத்தை மாற்றிவிடுவேன். உங்கள் டைட்டிலில் இப்போதே செய்து பாருங்கள், பத்து வினாடி வேலை.

கரை கட்டும்போது தமிழுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இரண்டுக்கும் வித்தியாசமே அந்த ஒரு சுழிதான். எக்ஸ்ட்ரா போல்டு எழுத்துருவை எடுத்து, அதன்மேல் தடித்த கரையும் போட்டு, சப்டைட்டில் அளவுக்குச் சுருக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். "திருமணம்" என்று நீங்கள் சரியாகத்தான் டைப் செய்திருப்பீர்கள், பார்ப்பவர் கண்ணுக்கு "திருமனம்" என்று தெரியும். புள்ளிக்கும் இதே கதி. சின்ன எழுத்தில் புள்ளி நான்கைந்து பிக்சல்தான். அது பின்னணியோடு கரைந்தால் "அவர்" என்பது "அவர" ஆகிவிடும். ஆங்கில டைட்டிலுக்குப் பழகிய அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் இந்தக் கேடுதான் வரும். மீடியம் அல்லது செமிபோல்டு கனம் போதும். கரையை (ஸ்ட்ரோக்) எழுத்தின் வெளிப்பக்கமாக வைத்து, சுழி அடைபடாத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் இவை நான்கும் இலவசம், வெவ்வேறு கனங்களில் கிடைக்கின்றன, திரையில் நன்றாக நிற்கின்றன. போல்டு இல்லாத எழுத்துருவில் சாஃப்ட்வேரின் ஃபாக்ஸ் போல்டு பொத்தானை அழுத்தவேண்டாம், அது கோட்டைத் தடிக்கவைத்துச் சுழியை மூடும். 1080 உயரத்தில் "க" போன்ற சாதாரண எழுத்தின் உடல் 35 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். இரண்டு வரி வரும்போது வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். மேல்வரியின் "கூ", "ணு" கீழே இறங்கும், கீழ்வரியின் "கீ"யும் புள்ளியும் மேலே ஏறும், இடித்துக்கொள்ளும்.

லோக்கல் கேபிளுக்குக் கொடுக்கும் வேலையாக இருந்தால் மட்டும் ஒரு சேதி. அங்கே இன்டர்லேஸ் கேட்பார்கள், அதாவது ஒரு ஃபிரேமை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரித்துக் காட்டும் முறை. 25 ஃபிரேம், 50 ஃபீல்டு. ஒரு பிக்சல் உயரமே உள்ள மெல்லிய படுக்கைக்கோடு அதில் துடிக்கும். "ட"வின் அடிக்கோட்டைப் பார்த்தாலே தெரியும். தடித்த எழுத்துருவே அதற்கு மருந்து. உங்கள் வேலை யூடியூபுக்கு என்பதால் சீக்வென்ஸிலும் எக்ஸ்போர்ட்டிலும் ஃபீல்டு புரோகிரஸிவ் (பிரிக்காமல் முழு ஃபிரேம்) என்று இருந்தால் போதும்.

அடுத்தது தளம். யூடியூப் 1080பி, 25 அல்லது 30 ஃபிரேம் வீடியோவுக்குச் சொல்லும் பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்), 4கேவுக்கு 35 முதல் 45 வரை. நீங்கள் 50இல் கொடுத்தாலும் அது தன் கணக்குக்கு மறுபடி சுருக்கத்தான் போகிறது. ஆனால் 1080க்கு மேற்பட்ட அளவுகளுக்கு அது அதிக பிட்ரேட்டும் புதிய கோடெக்குகளும் (சுருக்கும் முறைகளும்) ஒதுக்குகிறது. உங்களிடம் இருப்பது 4கே ஃபுட்டேஜ். அதை ஏன் 1080 சீக்வென்ஸில் போட்டுச் சுருக்குகிறீர்கள்? சீக்வென்ஸையே 3840×2160 ஆக்கி அந்த அளவிலேயே ஏற்றுங்கள். மாற்றியதும் டைட்டில்கள் பாதி அளவாக, இடம் தள்ளி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வெக்டர் மோஷனில் 200 போட்டு இடத்தைச் சரிசெய்யுங்கள், எழுத்து 4கேயில் புதிதாக வரையப்படும். சிவப்புக்கும் இது கைகொடுக்கும்: 4கேயில் நிறத்தின் பாதி அளவு 1920×1080. ஏற்றிய உடனே பார்த்துவிட்டு மனம் உடையவும் வேண்டாம். யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் வெளியிடும், எச்டியும் 4கேயும் தயாராக நேரமாகும், 4கே இன்னும் தாமதமாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருக்காமல் போகும்.

கொம்பு இடம் மாறுவது இவை எதோடும் சேராத தனிக் கோளாறு. "கொ" என்பது யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது எழுத்தை வரையும் இயந்திரத்தின் வேலை. அந்த இயந்திரத்துக்கு இந்திய மொழி தெரியாவிட்டால் கொம்பு பின்னால் விழும், அல்லது புள்ளிவட்டத்தோடு தொங்கும். பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், கிராஃபிக்ஸ் என்று போனால் டெக்ஸ்ட் இன்ஜின் தேர்வு இருக்கும். அதில் "சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, டைட்டிலைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். எந்தப் புதுச் சாஃப்ட்வேரையும் நான் "கொடை, கேணி, கௌரி, ஸ்ரீ, பக்ஷணம்" என்று ஐந்து சொல் அடித்துத்தான் சோதிப்பேன். ஐந்தும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும். ஒன்று மட்டும் உடைந்தால் டைப் செய்த விதத்தையும் பாருங்கள். "கௌரி"யை க, எகரக் கொம்பு, ள என்று சேர்த்து அடிப்பவர்கள் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டினாலும் வரிசை குலைந்து வரும்.

ஸ்டுடியோக்காரர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்வதற்குக் காரணம் இதே கொம்புதான். பாமினி தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறது. "தமிழ்" என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடிக்கவேண்டும். கொம்பைக் கையாலேயே முன்னால் போட்டுவிடுவதால் எந்தச் சாஃப்ட்வேரிலும் உடையாது. மணமக்கள் பெயர் மாதிரி ஒரே ஒரு டைட்டிலுக்கு அது பரவாயில்லை. சப்டைட்டிலுக்கு வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துதான் வரும், தேடவும் முடியாது, எஸ்ஆர்டி கோப்பாகவும் (வீடியோவோடு தனியே கொடுக்கும் சப்டைட்டில் கோப்பு) பயன்படாது. பெயர் டைட்டிலுக்கு இன்னொரு வழி, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலைச் சாஃப்ட்வேரில் யூனிகோடில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, சீக்வென்ஸின் அதே அளவில் எடுத்து வைப்பது. எழுத்தெழுத்தாக வரும் டைப்ரைட்டர் அனிமேஷனைத் தமிழுக்குத் தவிர்த்துவிடுங்கள். "தமிழ்" என்பது த, தம, தமி, தமிழ, தமிழ் என்று ஐந்து படியாக வரும், நடுவில் எல்லாமே பிழையான சொல். சொல் சொல்லாக வருவது அழகாக இருக்கும்.

பெரியவர்கள் பேசும் சப்டைட்டில்களைப் படத்தில் பதிக்கவே வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். எஸ்ஆர்டி கோப்பாக யூடியூபில் தனியே ஏற்றினால் எழுத்தை வரைவது பார்ப்பவரின் ஃபோன். வீடியோ 360பியில் ஓடினாலும் எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கும், வேண்டியவர்கள் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம். கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங்கை (எழுத்துக் குறிமுறை) யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாக வரும். பெண் வீட்டாருக்கும் பையன் வீட்டாருக்கும் டிவியில் போட்டுப் பார்க்கப் பென்டிரைவ் கொடுப்பீர்கள் அல்லவா, அதற்கு மட்டும் பதித்த பிரதி வேண்டும். பல டிவிகளுக்கு எஸ்ஆர்டியில் தமிழ் சரியாக வராது. அதே எஸ்ஆர்டியை ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் கொடுத்து "பர்ன் இன்" செய்யலாம், அதாவது படத்திலேயே பதிக்கலாம். அதற்குள் சப்டைட்டிலைப் பதிக்கும் லிப்ஆஸ் என்ற நிரல், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வரையும் இயந்திரத்தோடு வேலை செய்வதால் கொம்பும் காலும் தம் இடத்தில் விழும். முதலில் ஒரு நிமிடம் மட்டும் எடுத்து, வீட்டு டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்து, வீட்டிலேயே வயதானவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் "ண"வில் தடுமாறினால் கரையை ஒரு பிக்சல் குறைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.